பாலைவனத்தில் பாதியிலேயே இறங்கியவர்கள்

என் அலமாரியில் 'தி கன்ஸ்லிங்கர்' நாவல் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று பழைய புத்தகக் கடையில் வாங்கியது, முதுகில் செலோடேப் ஒட்டியது. இன்னொன்று சில வருஷம் கழித்துப் புதுசாக வாங்கியது. இரண்டையும் சேர்த்து இதுவரை நான்கு பேருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். நான்கு பேரும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புத்தகம் இரவல் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு கெட்ட சகுனம் என்று தெரியும். பிடித்த புத்தகம் லேசில் திரும்பாது. நாலு தடவை கேட்டபிறகு அட்டையில் காபிக் கறையோடு வரும். இது சொன்ன தேதிக்கு முன்பே, கசங்காமல் வந்தது.

நான்கு பேரில் இரண்டு பேர் முழுசாகப் படிக்கவில்லை. என் மனைவியின் தம்பி முதல் அத்தியாயத்தையே தாண்டவில்லை. அக்கா மகள் கிட்டத்தட்ட முடித்துவிட்டு, கடைசிப் பகுதி மட்டும் மிச்சம் இருக்கும்போது மூடிவிட்டாள். அவள் அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் இன்னும் அந்த இடத்திலேயே இருக்கிறது.

கதையின் முக்கியமான இடங்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இத்தோடு இறங்கிக்கொள்ளலாம்.

ஸ்டீபன் கிங் என்றாலே பேய்க்கதை என்று நம்மில் பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. அவரே தன் பெரிய வேலை என்று நினைத்தது ஏழு பாகமாக நீண்ட 'தி டார்க் டவர்' வரிசையைத்தான். அதன் முதல் பாகம் இந்த நாவல், 1982இல் புத்தகமாக வந்தது. கதை முழுவதும் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. கறுப்பு உடைக்காரன் ஒருவன் பாலைவனத்துக்குள் ஓடுகிறான், துப்பாக்கிக்காரன் ஒருவன் அவனைத் துரத்துகிறான். அவ்வளவுதான். ஏன் துரத்துகிறான், அது எந்த நாடு, எந்தக் காலம், எதற்கும் பதில் கிடையாது. துப்பாக்கிக்காரனுக்கு ரோலண்ட் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் ஆசிரியர் அதைக் கஞ்சத்தனமாகத்தான் செலவழிக்கிறார். பெரும்பாலும் 'துப்பாக்கிக்காரன்' என்றே எழுதிக்கொண்டு போகிறார்.

போகப் போகக் கொஞ்சம் பிடிபடும். ரோலண்ட் அழிந்துபோன ஒரு வீரர் பரம்பரையின் கடைசி ஆள். எல்லா உலகங்களுக்கும் அச்சாணியாக ஒரு கோபுரம் எங்கோ நிற்கிறது, அங்கே போய்ச் சேர வேண்டும். அவன் இடுப்பில் இரண்டு ரிவால்வர், கைப்பிடி சந்தனக்கட்டை. (முதல்முறை படித்தபோது நான் அந்த வரியில் ஒரு நிமிஷம் நின்றேன். வறண்ட பாலைவனத்தில், சாவு விளைவிக்கிற சாமானில், நம் பூஜையறை வாசனை.) அவன் போகிற ஊரில் சலூன் இருக்கிறது, பியானோ இருக்கிறது, கோவேறு கழுதை இருக்கிறது. சரி, வெஸ்டர்ன், அதாவது கௌபாய் கதை என்று நாம் முடிவுகட்டும் நேரத்தில் அந்தப் பியானோவில் பீட்டில்ஸ் பாட்டு வாசிக்கிறான் ஒருவன். 'ஹே ஜூட்'. அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் விளக்குவதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு, முக்கால்வாசிப் பேர் கவனிக்காமல் தாண்டிப்போவது. எப்போதோ பார்த்த ஒரு பழைய பெட்ரோல் பம்ப் ரோலண்டுக்கு நினைவு வருகிறது. அதன் மேல் 'அமோகோ' என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் இருந்த ஒரு பெட்ரோல் கம்பெனியின் பெயர் அது. அது என்னவென்றே தெரியாத ஒரு கூட்டம் அதை இடிக்கடவுளாக நினைத்து, ஆடு வெட்டிக் கும்பிட்டதாக வருகிறது. மேற்கத்திய வாசகருக்கு இது ஒரு விநோதம். சுமைதாங்கிக் கல்லுக்கு மஞ்சள் பூசி, கிடா வெட்டுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அதில் விநோதம் எதுவும் இல்லை. செத்துப்போன நாகரிகம் ஒன்றின் சாமான்கள் அடுத்து வருகிறவர்களுக்குச் சாமியாகிவிடும், அவ்வளவுதானே. ஒரு பத்திக்குள் ஓர் உலகமே வந்துபோய்விடுகிறது.

இப்படிப் பாதி சொல்லிப் பாதி விழுங்குகிற எழுத்து எனக்கு ஏன் ஒத்துப்போகிறது என்று யோசித்தால், காரணம் சிவகாசி. எங்களுக்கெல்லாம் வெஸ்டர்ன் என்பது சிவகாசியில் அச்சான சமாச்சாரம். லயன், முத்து காமிக்ஸில்தான் டெக்ஸ் வில்லர் என்கிற இரவுக் கழுகாரையும், கூடவே புலம்பிக்கொண்டு வரும் வெள்ளிமுடியார் கார்சனையும் தெரியும். கேப்டன் டைகரும் லக்கி லூக்கும் அங்கே அறிமுகமானவர்கள்தான். வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, டெக்ஸ் 1948இல் இத்தாலியில் பிறந்தவர், டைகர் பிரெஞ்சு, லக்கி லூக் பெல்ஜியம். நான் பார்த்து வளர்ந்த அரிசோனா எதுவும் அரிசோனாக்காரர் வரைந்தது இல்லை.

கிங்கின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அவர் பாலைவனத்துப் பிள்ளை அல்ல, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், குளிரும் காடுமான மெய்ன் மாநிலத்துக்காரர். 1970இல் பாங்கர் நகரத்தில் ஏறக்குறைய காலியான ஒரு தியேட்டரில் செர்ஜியோ லியோனியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' பார்த்திருக்கிறார். இத்தாலிய இயக்குநர், படப்பிடிப்பு ஸ்பெயினில், கதை அமெரிக்காவில். லியோனிக்கு அமெரிக்க பூகோளம் சரியாகத் தெரியாததே அந்தப் படத்துக்கு ஒரு தனி அழகைக் கொடுத்தது என்று கிங் பின்னாளில் எழுதியிருக்கிறார். எந்த ஊர் எங்கே இருக்கிறது என்ற கணக்கே இல்லாத ஒரு மேற்கு. ராபர்ட் பிரௌனிங் 1855இல் வெளியிட்ட, ரோலண்ட் என்ற வீரன் இருண்ட கோபுரத்தைத் தேடிப் போகும் நீள்கவிதை ஏற்கெனவே அவர் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனைப் படித்து, அந்த அளவுக்குப் பெரிசாக ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டதில் பிறந்ததுதான் இந்த ரோலண்ட்.

அந்த வருஷமே எழுத ஆரம்பித்துவிட்டார், வயது 22. எங்கிருந்தோ கிடைத்த, அட்டை போலத் தடித்த பச்சை நிறக் காகிதத்தில் டைப் அடித்தாராம். ஐந்து பகுதிகளையும் முடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அவை 1978 முதல் 1981 வரை ஒரு ஃபேன்டஸி (மாயாஜாலக் கற்பனை) மாத இதழில் விட்டுவிட்டு வந்தன. அப்புறம் 1982இல் சிறு பதிப்பகம் ஒன்று சுமார் 10,000 பிரதி மட்டும் போட்டது. அந்த நேரத்தில் கிங் உலகப் புகழ் பெற்றவர், ஆனாலும் இந்தப் புத்தகம் வந்ததே பலருக்குத் தெரியாது. மறுவருஷம் வந்த இன்னொரு நாவலின் முன்பக்கத்தில், அவர் எழுதிய நூல்களின் பட்டியலில் இந்தப் பெயரையும் பார்த்துவிட்டு, இது எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் கடிதம் போட்டுத் துளைத்தார்கள். எல்லாரும் வாங்கும்படியான பதிப்பு 1988இல்தான் வந்தது. என்னிடம் உள்ள பழைய பிரதி அந்தக் காலத்துப் பதிப்புத்தான்.

அன்று முதல் இந்தப் புத்தகத்தை யாருக்குச் சிபாரிசு செய்தாலும் கூடவே ஒரு மன்னிப்பும் ஒட்டிக்கொள்ளும். "முதல் பாகம் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடு, இரண்டாவதிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும்." ரசிகர்களே சொல்வது இது. இன்னும் சிலர் இரண்டாவதிலிருந்தே ஆரம்பி என்பார்கள். இதற்கு நேரெதிராக, ஏழு பாகத்தில் இது ஒன்றுதான் தேறும், மீதியெல்லாம் வளவளவென்று ஊதியது என்று சத்தியம் செய்கிற ஒரு கூட்டமும் உண்டு. நான் இரண்டாவது கூட்டத்தின் கடைசி பெஞ்ச். மீதி ஆறையும் குறை சொல்லாமல் படித்தேன், ஆனால் திரும்பப் படிப்பது இது ஒன்றைத்தான்.

இனி என் நான்கு பேர்.

மச்சினன் கிங்கின் பேய்க்கதைகளை விளக்கணைத்துவிட்டு மொபைல் வெளிச்சத்தில் படிக்கிற ஆள். அவன் சொன்னது ஒரே வரி. "மாப்ளே, ஊரு பேரும் டல், கதையும் டல்." நாவலில் ரோலண்ட் தங்குகிற ஊரின் பெயர் உண்மையிலேயே டல்தான், அதனால் இந்தத் தாக்குதலுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவன் சொன்னதில் நியாயமான புள்ளி ஒன்று இருந்தது. பாலைவன ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் ஒருவனிடம் ரோலண்ட் டல் ஊர்க் கதையைச் சொல்கிறான். அந்தக் கதைக்குள் சலூன் நடத்தும் ஒருத்தி, செத்துப்போன குடிகாரனைக் கறுப்பு உடைக்காரன் எழுப்பி உட்காரவைத்த கதையைச் சொல்கிறாள். கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை. புத்தகம் தொடங்கி இருபது பக்கத்துக்குள் இப்படி மூன்று படி கீழே இறக்கிவிட்டால், வேகம் வேண்டி வந்தவன் மேலே ஏறி வரமாட்டான். நமக்கு விக்கிரமாதித்தன் கதையில் பழகிய சங்கதிதானே என்று சொல்லிப் பார்த்தேன். "அதுல வேதாளமாவது இருந்துச்சு" என்றான்.

அலுவலகத் தோழி முழுசாகப் படித்தார், ரசித்தும் படித்தார். அவருடைய குறை வேறு. இந்தப் புத்தகத்தில் பெண்கள் எதற்கு வருகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். சலூன்காரி ரோலண்டோடு படுக்கிறாள், சாகிறாள். ஊரைத் தூண்டிவிடுகிற பெண் பிரசங்கியோடு அவன் நடத்தும் விசாரணை, படிக்கவே கூசுகிற காட்சி. மலையில் குறி சொல்கிற ஆவி ஒன்று வருகிறது, அதுவும் பெண், அதற்கும் கூலி அவன் உடம்பு. "ஒருத்திகூட அவன்கிட்ட சும்மா நின்னு நாலு வார்த்தை பேசிட்டுப் போகலையே?" என்றார். அந்தக் கால வெஸ்டர்ன் அப்படித்தான் என்று சமாளிக்கலாம். ஆனால் பழைய வெஸ்டர்னிலாவது ஸ்கூல் டீச்சர் ஒருத்தி இருப்பாள். இதில் நான் புத்தகத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை.

மூன்றாமவர் எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். எல்லாரும் சார் என்போம். நடைபாதைக் கடைகளில் லூயி லமூர், சேன் கிரே மாதிரி வெஸ்டர்ன் எழுத்தாளர்களின் பேப்பர்பேக்குகளாகப் பொறுக்கி, ஒரு மர பீரோ நிறைய வைத்திருக்கிறார். ஃபேன்டஸி பக்கமே போகாதவர், பேய் பூதம் என்றால் முகத்தைச் சுளிப்பார். இது தேறாது என்றுதான் நினைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் வாக்கிங் போகிற வழியில் கேட்டைத் தட்டினார்.

"தம்பி, அவன் குண்டு போடறான் பாத்தீங்களா?"

டல் ஊர்ச் சண்டையைச் சொல்கிறார். ஊரே கம்பு, கத்தி, கல்லோடு திரண்டு ரோலண்ட் மேல் பாய்கிறது. அவன் பின்வாங்கிக்கொண்டே சுடுகிறான். ரிவால்வரில் ஆறு குண்டுதான். தீர்ந்ததும் இடுப்பு வாரிலிருந்து உருவித் திரும்பப் போட வேண்டும். சுட்டுச் சுட்டுத் துப்பாக்கி சூடேறிப்போய், குண்டு போடும்போது விரல் நுனியெல்லாம் பொசுங்குகிறது. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. "சினிமாவுல ஒருத்தனும் திரும்பப் போடவே மாட்டான் தம்பி. முப்பது பேரைச் சுடுவான், அப்பவும் உள்ள குண்டு இருக்கும். இவன் தொழில் தெரிஞ்சவன்." நாற்பது வருஷம் முத்திரை குத்திய மனுஷருக்குக் கை தானாக வேலை செய்வது புரியாமல் போகுமா.

ஆனால் அவரும் சந்தோஷமாக இல்லை. அந்தச் சண்டை முடியும்போது கிங் ஒரு கணக்குக் கொடுக்கிறார். 39 ஆண்கள், 14 பெண்கள், 5 குழந்தைகள். ஊரில் மிச்சம் யாரும் இல்லை. சாரை உறுத்தியது அந்தக் கடைசி எண். அவர் பீரோவில் இருக்கும் கதைகளில் நாயகன் கொல்வான், ஆனால் யாரைக் கொல்லக்கூடாது என்று ஒரு வரை உண்டு. "இவன் ஷெரீப்பும் இல்ல, கொள்ளைக்காரனும் இல்ல. இவனை எந்தக் கணக்குல வைக்கறது?" அதைவிட அவருக்குத் தாங்காதது அந்தச் சலூன்காரி அல்லியின் சாவு. (தமிழில் எழுதும்போது நமக்கு அல்லி ராணி நினைவுக்கு வந்து தொலைக்கிறது. இவள் பாவம், நெற்றியில் தழும்போடு, வயதாகிக்கொண்டே, போக இடமில்லாமல் அந்த ஊரில் மாட்டிக்கொண்டவள்.) பியானோக்காரன் அவளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். சுடாதே, சுடாதே என்று கத்துகிறாள். ரோலண்டின் கைகள் பழகிய கைகள். யோசிப்பதற்குள் இருவரையும் சுட்டுவிடுகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அலுவலகத் தோழியும் ஒரு வேலையாக வந்தவர் காபிக்கு உட்கார்ந்தார். பேச்சு இந்தப் புத்தகத்துக்குத் திரும்பியது. சார் அல்லியைப் பற்றி ஆரம்பித்தார், உயிருக்குக் கெஞ்சுகிற பெண்ணைச் சுடுகிறவனை நாயகன் என்று எப்படி ஏற்பது என்று. தோழி புருவத்தைச் சுருக்கினார். "இல்லையே சார். அவதானே என்னைக் கொன்னுடுன்னு கத்துறா?"

"எங்கம்மா கத்துறா? சுடாதேன்னுல்ல கத்துறா?"

இரண்டு பேரும் கதையை ஒழுங்காகப் படிக்கிறவர்கள். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. சாருக்குக் கொடுத்தது செலோடேப் போட்ட பழைய பிரதி. தோழிக்குக் கொடுத்தது புதுசு. இரண்டும் ஒரே புத்தகம் இல்லை.

2003இல், வரிசையின் கடைசி மூன்று பாகங்கள் வருவதற்குச் சற்று முன்னால், கிங் இந்த நாவலைத் திருத்தி எழுதினார். சுமார் முப்பத்தைந்து பக்கம் கூடியது. அதன் முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். பல வருஷமாக இந்தப் புத்தகத்துக்காக வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாராம், பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த பாகத்தில் கதை தன் குரலைப் பிடித்துவிடும் என்று. கதையைவிட மொழி பெரிது, தெளிவைவிடப் பூடகம் உசத்தி என்று சொல்லிக்கொடுக்கும் எழுத்துப் பட்டறைகளுக்கு அதிகமாகப் போய்வந்த இளைஞன் எழுதியது இது என்கிறார். சில திருத்தங்கள் நியாயமானவை, பின்னால் வரும் பாகங்களோடு முரண்பட்ட விவரங்களைச் சரிசெய்ததைப் போல. அல்லியின் சாவு அந்தக் கணக்கில் வராது. புதிய பதிப்பில் கறுப்பு உடைக்காரன் அவளிடம் 'பத்தொன்பது' என்ற ஒரு மந்திரச் சொல்லை விட்டுவிட்டுப் போகிறான். அதைச் சொன்னால் செத்துப் பிழைத்தவனிடமிருந்து மறுவுலக ரகசியம் வெளியே வரும். அவள் ஆசையை அடக்க முடியாமல் சொல்லிவிடுகிறாள், கேட்டதைத் தாங்க முடியவில்லை, என்னைக் கொன்றுவிடு என்று ரோலண்டிடம் கதறுகிறாள். அவன் சுடுகிறான். குற்றம் போய், உதவியாகிவிட்டது.

நான் இரண்டு பிரதியையும் எடுத்து வந்து அந்தப் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதுசைப் படித்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்ட குறைதானே திருத்தப்பட்டிருக்கிறது. மூடி என்னிடம் நீட்டிவிட்டு, "இது வேண்டாம் தம்பி. பழசுலயே இருக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அதுல அவன் செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுது. இதுல எனக்கு வேலையே இல்ல."

தோழி ஒத்துக்கொள்ளவில்லை. அல்லிக்கென்று ஒரு ஆவல், ஒரு முடிவு, கடைசியில் ஒரு குரல் இருப்பது புதிய பதிப்பில்தான், பழசில் அவள் வெறும் குறுக்கே வந்த உடம்பு என்றார். அதுவும் சரிதானே என்று எனக்குப் பட்டது. காபி ஆறிப்போனது.

என் கட்சி சாருடையதுதான், ஆனால் என் காரணம் கொஞ்சம் வேறு. வெஸ்டர்னில் குதிரையில் வருகிற ஆளை எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் வராது. அவன் மனதில் என்ன ஓடுகிறது என்பதைத் தொப்பி நிழலில் தெரிகிற வாயை வைத்து நாமே யூகித்துக்கொள்ள வேண்டும். ஃபேன்டஸி வாசகர் பழகியது நேர்மாறு. முதல் பக்கத்தில் வரைபடம், கடைசியில் வம்சாவளி, மந்திரம் எப்படி வேலை செய்யும் என்று சட்டதிட்டம். எதையும் கடைசிவரை மூடிவைக்க மாட்டார்கள். இந்த நாவல் ஃபேன்டஸிக் கடையில் உட்கார்ந்துகொண்டு வெஸ்டர்ன் மாதிரி வாயைத் திறக்காமல் இருந்தது. வந்தவர்கள் பாதிப் பேருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆசிரியருக்கே ஒரு கட்டத்தில் அந்த மௌனம் பொறுக்கவில்லை. இருபது வருஷம் கழித்து உள்ளே போய் ரோலண்டுக்காக ஒரு விளக்கம் எழுதி வைத்துவிட்டு வந்தார். 22 வயதில் ஆரம்பித்தவன் அந்த விளக்கத்தைக் கொடுக்கவில்லை. தெரியாமல் விட்டானா, திமிரில் விட்டானா, எனக்கு அக்கறையில்லை. கை சுட்டது, மனசு பிறகு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அது அப்படியே கிடந்தால்தான் பின்னால் வரப்போவது நமக்கு முன்கூட்டியே வலிக்கும்.

பின்னால் வரப்போவது, ஜேக்.

பாலைவனத்தின் நடுவே பழைய தங்கல் நிலையம் ஒன்றில் ரோலண்ட் ஒரு சின்னப் பையனைப் பார்க்கிறான். நியூயார்க்கில் பள்ளிக்கூடம் போகிற வழியில் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட, கார் ஏறிச் செத்தவன். செத்த இடத்திலிருந்து இங்கே வந்து விழித்திருக்கிறான். துப்பாக்கிக் குண்டு ஒன்றை விரல் முட்டிகளின் மேல் உருட்டி உருட்டிக் காட்டி, அவனை மயக்கத்தில் ஆழ்த்தி, அந்தக் கதையை வாங்குகிறான் ரோலண்ட். இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறார்கள். மெல்ல ஒரு தகப்பன் பிள்ளை உறவு மாதிரி ஏதோ முளைக்கிறது. அந்தக் கறுப்பு உடைக்காரனைப் பிடிக்கப் பையன்தான் வாசல் என்று மலையில் இருக்கும் ஆவி ரோலண்டிடம் சொல்லிவிடுகிறது. என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், பையனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துபோகிறது. தெரிந்தும் கூடவே வருகிறான்.

மலைக்கு அடியில் இருட்டில், இற்றுப்போன ரயில் பாலம். பையனுக்குக் கால் நழுவி, ஒரு கையில் தொங்குகிறான். எதிரே வெளிச்சத்தில் கறுப்பு உடைக்காரன் நிற்கிறான், இப்போது வா, இல்லாவிட்டால் எப்போதும் என்னைப் பிடிக்க முடியாது என்கிறான். ரோலண்ட் முன்னால் போகிறான். விழுவதற்கு முன் பையன் சொல்வது, போ அப்படியானால், இது தவிர வேறு உலகங்களும் இருக்கின்றன என்று. திட்டவில்லை, கெஞ்சவில்லை.

பஸ் டிக்கெட் இருப்பது இந்தப் பக்கத்தில்.

அக்கா மகள் டிராகன் கதைகளில் மூழ்கி வளர்ந்தவள். கல்லூரி மூன்றாம் வருஷம். ஆயிரம் பக்கத்துக்குக் குறைந்த புத்தகத்தை அவள் புத்தகமாகவே மதிப்பதில்லை. ஆரம்பத்திலிருந்தே தொலைபேசியில் கேள்வி. மாமா, இந்தக் கோபுரம் எங்க இருக்கு? மாமா, மேப் ஏன் இல்ல? அந்தக் கறுப்பு டிரெஸ்காரனுக்கு என்ன பவர், எதுக்கு ஓடுறான்? எனக்குத் தெரிந்தவரை ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் ம், ம் என்று வைத்தேன். அப்புறம் இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு வந்தது.

"மாமா, அவன் கைய நீட்டியிருக்கலாம்ல?"

நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அதற்குமேல் அவளுக்குப் படிக்கத் தோன்றவில்லை. கடைசிப் பகுதியில் கறுப்பு உடைக்காரன் நெருப்பு மூட்டி உட்கார்ந்து, சீட்டுக்கட்டு விரித்துக் குறி சொல்லி, பிரபஞ்சம் எவ்வளவு பெரிது என்று காட்டப்போகிறான். அவள் இத்தனை நாள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு ஏதோ கொஞ்சம் பதில் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன். "எனக்கு அந்த டவரும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அடுத்த வாரம் வந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். செருப்பு மாட்டும்போது திரும்பி, அந்தப் பையன் அடுத்த பாகங்களில் வருவானா என்று மட்டும் சொல்லச் சொன்னாள். நான் ஏழையும் படித்தவன். எனக்குத் தெரியும். படித்துப் பார் என்று இரண்டாவது பாகத்தை எடுத்து நீட்டினேன். "அப்ப சொல்ல மாட்டீங்க?" என்று கேட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள், அப்புறம் புத்தகத்தை வாங்காமலே படியிறங்கிப் போய்விட்டாள்.

அது இன்னும் வாசல் பக்கத்து ஷூ ஸ்டாண்ட் மேலேயேதான் கிடக்கிறது. நேற்று போன் செய்தபோது அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என்னிடம் இருக்கும் அந்தப் பழைய பிரதி சும்மாதான் கிடக்கிறதா என்று சாரிடம் விசாரித்தாளாம்.